அத்தியாயம் 7: நூற்று நாற்பது ஷீட்டில் ஒரே திருத்தம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு தள வரைபடம், ஒரு குறுக்குவெட்டு என்று இரண்டே ஷீட் போட்டாலும் 140 ஆகிவிடும். தடுப்புச் சுவரும் சிறுபாலமும் வடிகாலும் இந்தக் கணக்கில் இல்லை. இப்படியொரு கட்டு சேந்தமங்கலத்தில் ஒரு சிறிய வரைபட அலுவலகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கணினி, ஓர் ஆட்டோகேட், ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்த ஒருவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் வருகிறது: “எல்லா ஷீட்டுலயும் டைட்டில் பிளாக்குல ஆபீஸ் பேரை மட்டும் மாத்திக் குடுங்க தம்பி. காலையில வேணும்.”

ஒரு ஷீட்டைத் திறந்து, மூலைக்குப் போய், பெயரை மாற்றி, சேமித்து, மூட மூன்று நிமிடம் பிடிக்கும். 140 ஷீட்டுக்கு ஏழு மணி நேரம். நேரம் போவதுகூடப் பெரிதில்லை. எண்பதாவது ஷீட்டைத் தாண்டும்போது கை தானாக வேலை செய்யும், கண் பார்க்காது. எங்கோ ஒரு ஷீட் விட்டுப்போகும், எங்கோ ஒரு கோடு நகரும். இந்த வேலையை மொத்தமாகக் கணினியிடம் கொடுப்பதுதான் பேட்ச் முறை. ஓட்டம் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் எந்த ஷீட்டைத் தொடலாம் என்று முடிவு செய்யவும், பின்னால் வேறெதுவும் மாறவில்லை என்று உறுதிசெய்யவும் அரை நாள் வேண்டும். பெரும்பாலான பயிற்சிக் காணொளிகள் அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. இங்கே அரை நாளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

(கட்டளைப் பெயர்களை இந்த நூலில் உச்சரிப்பின்படி தமிழில் தருகிறோம். கணினியில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.)

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஒரு வரைபடத்தில் இரண்டு வகைச் செய்திகள் இருக்கின்றன. சுவர், தூண், கம்பி, வளைவின் ஆரம், மட்டம் ஆகியவை ஒரு வகை. அலுவலகத்தின் பெயர், வட்டத்தின் பெயர், லேயர் நிறம், எழுத்துரு, பேனா தடிமன் ஆகியவை இன்னொரு வகை. பேட்ச் ஓட்டம் இரண்டாவது வகைக்கு மட்டும்தான். முதல் வகையை மொத்தமாக மாற்றச் சொல்லி யாராவது கேட்டால், அது வடிவமைப்பு வேலை. பொறியாளர் மேசைக்குத் திரும்ப வேண்டும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழுக்குப் பாறை உண்டு: பொதுக் குறிப்புகள். கட்டட வரைபடத்தின் ஓரத்தில் எந்தெந்த இந்தியத் தரநிலைப்படி வடிவமைக்கப்பட்டது என்று பட்டியல் இருக்கும். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893 முதல் பகுதியின் 2002 பதிப்புக்குப் பிறகு 2016இல் புதிய பதிப்பு வந்தது. கம்பி விவரத்துக்கான ஐ.எஸ். 13920 1993இல் வந்தது, அதுவும் 2016இல் மாறியது. காற்று விசைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி 1987இலிருந்து 2015க்கு வந்தது. “பழைய ஆண்டுகளையெல்லாம் தேடிப் புதியதாக மாற்றிவிடு” என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் கணினி ஒரு நிமிடத்தில் செய்து முடிக்கும். முடித்ததும் அந்த ஷீட் பொய் சொல்லத் தொடங்கும். 2016ஆம் ஆண்டு 13920, தூணின் குறைந்தபட்ச அளவை 300 மில்லிமீட்டர் என்கிறது. நம் ஊர் வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவருக்குள் மறையும்படி 230 மில்லிமீட்டர் தூண் போடுவது பழைய பழக்கம். குறிப்பில் 2016, படத்தில் 230 என்று ஒரே தாளில் இருந்தால், பின்னால் ஏதாவது சிக்கல் வரும்போது யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1893இன் 2016 பதிப்பும் கணக்கிடும் விதத்தையே மாற்றியிருக்கிறது: உத்தரத்தின் விறைப்பில் 35 சதவீதம், தூணின் விறைப்பில் 70 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆண்டை மாற்றினால் கணக்கு தானாக மாறாது. மலைச்சாலை வடிவமைப்புக்கான ஐ.ஆர்.சி. 52க்கும் இதே விதிதான். அதன் பதிப்பு எண் கணக்குப் போட்டவரின் வாக்குமூலம், அவர் சொல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது.

இரண்டாவது தடை, ஒப்புதல் பெற்ற ஷீட்டுகள். உள்ளாட்சியிலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ முத்திரை வாங்கிய படத்தின் கோப்பைத் திறந்து, ரிவிஷன் எண்ணை அப்படியே விட்டு, உள்ளே ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தாலும் ஒரே எண்ணில் இரண்டு ஆவணங்கள் பிறந்துவிடுகின்றன. முத்திரை வாங்கிய தாளில் பழைய பெயர் இருப்பது தவறே இல்லை, அன்றைக்கு அதுதான் பெயர். 2019 பிப்ரவரி 4க்கு முன் ஒப்புதல் பெற்ற பேரூராட்சிக் கட்டட வரைபடத்தில் பழைய கட்டட விதிகளைச் சுட்டியிருப்பார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தது அந்தத் தேதியில். பழைய தாளில் புதிய விதியின் பெயரைப் போட்டால் வரலாறு திருத்தப்படுகிறது, படம் திருத்தப்படுவதில்லை. ‘ஒப்புதல்’ என்று ஒரு தனி அடைவு வைத்து, அதைப் படிக்க மட்டும் என்று பூட்டி, பேட்ச் ஓட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுங்கள்.

பெயர் மாற்றம் பார்ப்பதுபோல் எளிதல்ல

போனில் கேட்டது பெயர் மாற்றம்தான். நாமக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2024இல் நாமக்கல் நகராட்சி மாநகராட்சி ஆனது. இதைக் கேட்டவுடன் கை துறுதுறுக்கும்: ‘நகராட்சி’ என்று தேடு, ‘மாநகராட்சி’ என்று மாற்று. முதல் ஓட்டத்தில் சரியாக வரும். நடுவில் கரண்ட் போய், இன்னொரு முறை ஓட்டினால் ‘மாமாநகராட்சி’ வரும். ஏனென்றால் புதிய சொல்லுக்குள் பழைய சொல் உட்கார்ந்திருக்கிறது. ‘நாமக்கல் நகராட்சி’ என்று முழுப் பெயராகத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை, மாற்றப்பட்ட ஷீட்டில் அந்தத் தொடர் அகப்படாது. எந்தத் திருத்தத்தையும் இரண்டு முறை ஓட்டினாலும் கெடாதபடி எழுதப் பழகுங்கள். ரிவிஷன் எண்ணை ‘ஒன்றைக் கூட்டு’ என்று எழுதுவதைவிட ‘ஆர் 3 ஆக்கு’ என்று எழுதுவதும் இதே காரணத்தால்தான்.

மின்வாரியத்தின் கதை இன்னும் சிக்கல். 2010 நவம்பர் 1இல் தமிழ்நாடு மின்சார வாரியம் பிரிக்கப்பட்டு, தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் வந்தது. டான்ஜெட்கோ என்றே எல்லோரும் சொன்னார்கள். 2024இல் அதையும் பிரித்தார்கள். உற்பத்திக்கு ஒரு கழகம், பசுமை எரிசக்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று. பழைய பெயர் ஒன்று, புதிய பெயர் மூன்று. சேந்தமங்கலம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் அடித்தள வரைபடம் பகிர்மானக் கழகத்துக்குப் போகும். மலைமேல் 20 மெகாவாட் கொல்லிமலை நீர்மின் திட்டம் தொடர்பான ஷீட் பசுமை எரிசக்திக் கழகத்தின் பக்கம் போகும். இரண்டிலும் டைட்டில் பிளாக்கில் இருப்பது ஒரே பழைய பெயர். எது எந்தப் பக்கம் என்று கணினிக்குத் தெரியாது. எந்தக் கோப்புக்கு எந்தப் பெயர் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தால்தான் தெரியும்.

ஊர்ப் பெயரிலும் இதே வலை. மலைமேல் வேலைகளின் பழைய ஷீட்டுகளில் ‘சேந்தமங்கலம் வட்டம்’ என்று இருந்து, அதைக் ‘கொல்லிமலை வட்டம்’ என்று ஆக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ‘சேந்தமங்கலம்’ என்ற சொல்லை எங்கெங்கும் தேடி மாற்றினால், சாலையோரம் அம்புக்குறி போட்டு எழுதிய ‘சேந்தமங்கலம் செல்லும் வழி’யும் ‘கொல்லிமலை செல்லும் வழி’ ஆகிவிடும். அந்த அம்பு மலையிலிருந்து கீழே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்! ஆகவே படத்துக்குள் இருக்கும் சாதாரண எழுத்தைத் தேடி மாற்றும் முறையைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். டைட்டில் பிளாக்கின் அட்ரிபியூட்டை மட்டும், அதிலும் குறிப்பிட்ட கட்டத்தை மட்டும் குறிவைப்பது பாதுகாப்பானது.

முதல் வேலை கணக்கெடுப்பு

எழுதி வைத்த ஸ்கிரிப்ட் கையில் இருந்தாலும் உடனே ஓட்டாதீர்கள். முதலில் அடைவில் உள்ளவற்றைப் பட்டியலாக எடுங்கள். முழு ஆட்டோகேட்டில் ‘டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன்’ என்ற வசதி இருக்கிறது. ஓர் அடைவைக் காட்டினால், ஒவ்வொரு கோப்பிலும் டைட்டில் பிளாக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று எக்செல் அட்டவணையாகக் கொடுத்துவிடும். இந்த அட்டவணைதான் இந்த வேலையின் முதுகெலும்பு, கடைசியில் மறுபடி தேவைப்படும்.

அதைத் திறந்து பார்த்தால் பல உண்மைகள் வெளியே வரும். டைட்டில் பிளாக்கின் பெயர் பத்து ஷீட்டில் ஒன்றாகவும், வேறு பத்தில் வேறாகவும் இருக்கும். யாரோ ஒருவர் பிளாக்கை எக்ஸ்ப்ளோடு செய்துவிட்டதால் சில ஷீட்டில் அட்ரிபியூட்டே இருக்காது, வெறும் எழுத்துதான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய ஷீட்டுகளில் சேந்தமங்கலம் இரண்டு, மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். சிலர் நடுவில் ‘டி’ போடுவார்கள், சிலர் ‘டி எச்’ போடுவார்கள். இவற்றில் ஒழுங்காக உள்ளவை மட்டும் பேட்ச் ஓட்டத்துக்குப் போகட்டும். எக்ஸ்ப்ளோடு ஆன ஏழெட்டு ஷீட்டைக் கையால் திருத்துங்கள். எல்லாவற்றையும் பிடிக்கிற ஒரே ஸ்கிரிப்ட் எழுத முயல்வது பொழுதைத் தின்னும், பிழையையும் கூட்டும். என் கருத்தில் 140இல் 125 தானாக மாறினால் அது நல்ல அறுவடை.

கோப்புகளின் பட்டியலைத் தேதியோடு ஓர் உரைக் கோப்பில் எடுத்து வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். ஓட்டம் முடிந்ததும் எல்லாக் கோப்புக்கும் இன்றைய தேதி விழுந்துவிடும். எந்த ஷீட்டில் கடைசியாக உண்மையான திருத்தம் நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்க வழி இருக்காது.

கோப்பின் வடிவத்தையும் பாருங்கள். டி.டபிள்யூ.ஜி. என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே தலைமுறைகள் உண்டு: 2000, 2004, 2007, 2010, 2013, 2018. பழைய தலைமுறைக் கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்து சாதாரணமாகச் சேமித்தால், உங்கள் அமைப்பில் உள்ள இயல்பு வடிவத்துக்கு மாறிவிடும். வாங்குகிற அலுவலகத்தில் பழைய பதிப்பு இருந்தால் அங்கே திறக்காது. 140 ஷீட்டையும் திருப்பி அனுப்புவார்கள். அமைப்பில் சேமிக்கும் வடிவத்தை 2013 என்றோ, அவர்கள் கேட்பதுபடியோ முதலிலேயே வைத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து இருந்தால்

ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் அலுவலகத்துக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நம்மால் முடியாது.

பழைய ஷீட்டுகளில் தமிழ், யூனிகோடில் இருக்காது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்த முறையில் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழ் முகத்தோடு காட்டுகிறது. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல்லின் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இந்த நிலையில் ஒரு பேட்ச் ஓட்டத்தில் எழுத்துருவை மட்டும் மாற்றினால், ஷீட் முழுக்கப் புரியாத ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அதுபோல ஆங்கிலச் சுருக்கம் ஒன்றைத் தேடி மாற்றும்போது, அதே எழுத்துக் கோவை ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தால் அதுவும் கெடும். பாமினி எழுத்தில் உள்ள வரிகளை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், அதுவும் தனி ஓட்டமாக. பெயர் மாற்றத்தோடு சேர்த்துச் செய்யாதீர்கள். எது எங்கே உடைந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று 2010இல் ஆணை போட்டுவிட்டது, இனி வரையும் ஷீட்டில் பழைய எழுத்துருவைப் பயன்படுத்த எந்த நியாயமும் இல்லை.

யூனிகோடில் இருந்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதுவும் கொல்லிமலையின் முதல் எழுத்திலேயே. ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியாகவும் பதிவு செய்யலாம். எகரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் பதிவு செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒரு விசைப்பலகையில் அடித்த ‘கொல்லிமலை’யைத் தேடினால், வேறொரு வழியில் வந்த ‘கொல்லிமலை’ சிக்காது. தேடல் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எக்செல் அட்டவணையில் இரண்டு கலங்களைச் சமமா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தெரிந்தால், இரண்டு வடிவத்தையும் தேடும்படி இரண்டு வரி எழுதுங்கள்.

ஸ்கிரிப்ட் கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது ‘அன்சி’ என்ற முறையைத் தேர்ந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். யு.டி.எஃப். முறையில் சேமித்து, முதலில் ஒரே ஷீட்டில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் தகராறு செய்தால், ஒவ்வோர் எழுத்தையும் பின்சாய்கோடு, ‘யு’, கூட்டல் குறி, அதன் நான்கு இலக்கக் குறியீடு என்ற வடிவில் எழுதலாம். ஆட்டோகேட் அதைப் புரிந்துகொண்டு தமிழாகக் காட்டும். சேந்தமங்கலம் என்று எழுதப் பன்னிரண்டு குறியீடு வேண்டும். சள்ளைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

ஓட்டம்

இனி உண்மையான வேலை. உங்களிடம் முழு ஆட்டோகேட் 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், அதோடு ‘கோர் கன்சோல்’ என்ற சிறிய நிரலும் வந்திருக்கும். திரை இல்லாத ஆட்டோகேட் அது. கறுப்புச் சாளரத்தில் கோப்பைத் திறந்து, ஸ்கிரிப்டை ஓட்டி, மூடிவிடும். படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை என்பதால் வேகம் அதிகம். ‘சாய்கோடு ஐ’ என்று கொடுத்துக் கோப்பின் பெயர், ‘சாய்கோடு எஸ்’ என்று கொடுத்து ஸ்கிரிப்டின் பெயர், அவ்வளவுதான். விண்டோஸின் ‘ஃபார்’ கட்டளையில் இதைப் பொதிந்தால் அடைவில் உள்ள கோப்புகள் வரிசையாக உள்ளே போகும். இதற்கு ஒரு குறை உண்டு: ‘வி.எல்.ஏ.’ என்று தொடங்கும் ஆட்டோலிஸ்ப் கட்டளைகளும் எக்ஸ்பிரஸ் கருவிகளும் இதில் வேலை செய்யாது. நண்பரிடம் வாங்கிய லிஸ்ப் நிரல் சாதாரண ஆட்டோகேட்டில் ஓடி, இங்கே முரண்டு பிடித்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஆட்டோகேட் எல்.டி. வைத்திருப்பவர்களுக்குக் கோர் கன்சோல் கிடையாது. ஆட்டோலிஸ்ப் கூட எல்.டி.க்கு 2024 பதிப்பில்தான் வந்தது. அவர்களுக்கும் வழி உண்டு. எக்செல்லில் முதல் பத்தியில் கோப்புகளின் முழுப் பாதையை ஒட்டி, பக்கத்தில் ‘ஓப்பன்’, திருத்தக் கட்டளைகள், ‘கியூசேவ்’, ‘குளோஸ்’ என்று சேர்த்து இழுத்துவிட்டால், 140 ஷீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளமான ஸ்கிரிப்ட் தயாராகும். ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தந்த ஸ்கிரிப்ட்புரோ செய்வதும் ஏறக்குறைய இதுதான். பிரிக்ஸ்கேட் போன்ற மாற்று மென்பொருள்களிலும் ஸ்கிரிப்ட் எழுதும் முறை பெரிதாக மாறாது.

அட்ரிபியூட்டை மாற்ற, முன்னால் ஒரு சிறுகோடு போட்ட ‘அட்எடிட்’ கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகோடு போட்டால் உரையாடல் பெட்டி வராமல் கேள்விகள் வரிவரியாக வரும். ஒவ்வொன்றாகத் திருத்தவா என்றால் இல்லை. திரையில் தெரிபவை மட்டுமா என்றால் இல்லை. பிறகு பிளாக்கின் பெயர், கட்டத்தின் பெயர், இப்போதைய மதிப்பு, மாற்ற வேண்டிய தொடர், புதிய தொடர். பிளாக்கின் பெயரையும் கட்டத்தின் பெயரையும் நட்சத்திரக் குறியாக விட்டுவிடாமல் முழுதாக எழுதுங்கள். முன்பு சொன்ன அம்புக்குறி விபத்தைத் தடுப்பது இந்த இரண்டு வரிதான். பூட்டிய லேயரில் டைட்டில் பிளாக் இருந்தால் கட்டளை பலிக்காது, முதலில் பூட்டைத் திறக்கும் வரியைச் சேர்க்க வேண்டும்.

ஸ்கிரிப்டில் இடைவெளி என்பது எண்டர் விசை. வரி முடிவும் எண்டர்தான். வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டால் அடுத்த கேள்விக்குத் தவறான பதில் போய், அங்கிருந்து எல்லாம் ஒரு படி தள்ளிப் போகும். புதிதாக எழுதுபவர்களின் ஸ்கிரிப்ட் நின்றுபோனால் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம் என்று பந்தயம் கட்டலாம். பாதைப் பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். தொடக்கத்தில் ‘ஃபைல்டயா’வைச் சுழியமாக்கி, முடிவில் மறுபடி ஒன்றாக்குங்கள். மறந்தால் மறுநாள் காலையில் ‘ஓப்பன்’ அழுத்தினால் பெட்டி வராமல் அலுவலகமே குழம்பும்.

இடம் இருக்கிறதே என்று பர்ஜ், ஆடிட் எல்லாவற்றையும் இதே ஓட்டத்தில் சேர்க்க ஆசை வரும். ஆடிட் சரி. பர்ஜ் வேண்டாம். இன்று பயனில் இல்லாத லேயரும் பிளாக்கும் நாளை வேண்டியதாக இருக்கலாம். மேலும் ‘எல்லாம்’ என்று கொடுத்தாலும் கோப்பை வீங்க வைக்கும் ரெக்ஆப்ஸ் பதிவுகள் போகாது, அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சுத்தம் செய்வதை வேறொரு நாள், வேறொரு ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் அடைவின்மேல் நேராக ஓட்டக் கூடாது. முழு அடைவையும் அதன் உள்ளடைவுகளோடு அப்படியே நகலெடுத்து, நகலின்மேல் ஓட்டுங்கள். டி.டபிள்யூ.ஜி. கோப்புகளை மட்டும் பொறுக்கி ஒரே இடத்தில் கொட்டினால், வெளிக் கோப்புகளைச் சேர்க்கும் எக்ஸ்ரெஃப் இணைப்புகள் அறுந்து, பின்னணி வரைபடம் காணாமல் போகும். நகலில் கோப்பு ஒவ்வொன்றாக முடியும்போது அதன் பெயரை ஒரு பதிவுக் கோப்பில் எழுதும் வரியையும் சேர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மலைப்பக்கம் கரண்ட் போவது யாருக்கும் செய்தி இல்லை. போனால், பதிவின் கடைசிப் பெயருக்கு அடுத்த ஒரு கோப்பை மட்டும் அசலிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தொடரலாம். ‘டி.டபிள்யூ.எல்.’ என்ற வால் உள்ள கோப்பு அடைவில் தென்பட்டால் அந்த ஷீட்டை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஓட்டத்துக்கு முன் அவரை மூடச் சொல்லுங்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்த 140 சோறும் ஒரே பானையில் வெந்தவை அல்ல. ஒன்று 2015இல் ஒருவர் வரைந்தது, இன்னொன்று வெளியிலிருந்து வந்தது, மற்றொன்று சிவில் த்ரீடியில் பிறந்து இங்கே வந்தது. சோதனை ஓட்டத்துக்கு ஷீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கெடுப்பு அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு வகையிலும் ஒன்று எடுங்கள்: மிகப் பழையது, மிகப் பெரியது, பல லேஅவுட் உள்ளது, தமிழ் உள்ளது, எக்ஸ்ரெஃப் உள்ளது. அந்த ஐந்தாறும் சரியாக வந்தபிறகு மீதி போகட்டும்.

சரிபார்ப்பு

ஓட்டம் பிழைச் செய்தி இல்லாமல் முடிந்தது என்பதற்கும் வேலை சரியாக நடந்தது என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. தேடிய தொடர் கிடைக்காவிட்டாலும் ஸ்கிரிப்ட் அலட்டிக்கொள்ளாமல் அடுத்த ஷீட்டுக்குப் போய்விடும்.

முதலில் எடுத்த டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷனை, அதே அமைப்புகளோடு, நகல் அடைவின்மேல் மறுபடி எடுங்கள். இரண்டு அட்டவணைகளையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலத்துக்குக் கலம் ஒப்பிடுங்கள். அலுவலகப் பெயர்ப் பத்தி எல்லா வரியிலும் மாறியிருக்க வேண்டும். மற்ற எந்தப் பத்தியும் மாறியிருக்கக் கூடாது. வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் 140 ஷீட்டின் டைட்டில் பிளாக்கையும் இப்படிப் பார்த்துவிடலாம், கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமாக.

படத்தின் உடல் அசையவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டும். ஆட்டோகேட் 2019இல் வந்த ‘டி.டபிள்யூ.ஜி. கம்பேர்’ பழைய கோப்பையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மாறிய இடத்தை நிறத்தில் காட்டும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் செய்யப் பொறுமை இல்லாவிட்டாலும், சோதனைக்கு எடுத்த வகைகளில் தலா ஒன்று, மற்றவற்றில் கலந்து பத்து என்று பாருங்கள். மூலையில் மட்டும் நிறம் தெரிய வேண்டும். மலைச்சாலை ஷீட்டில் கூடுதலாக ஒன்று: ஏதாவது ஒரு வளைவின் உள் ஆரத்தை அளந்து, எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுக்குக் குறைந்தது 14 மீட்டர் என்பது மலைச்சாலை விதி. அளவுகோல் எங்காவது கெட்டிருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான்.

கடைசியில் எல்லா ஷீட்டையும் பி.டி.எஃப். ஆக்கி, வரிசையாகப் புரட்டுங்கள். அட்டவணையில் சரியாக இருக்கும் தமிழ், தாளில் கட்டத்துக்கு வெளியே வழிந்து நிற்கலாம். ‘தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்’ என்ற தொடர், ‘டான்ஜெட்கோ’ என்ற சொல்லுக்காக வரைந்த கட்டத்தில் அடங்காது. கொம்பும் காலும் இடம் மாறித் தெரிகிறதா என்பதையும் இங்கேதான் பார்க்க முடியும்.

அடுத்த முறைக்கு

டைட்டில் பிளாக்கின் சட்டத்தையும் அலுவலகப் பெயரையும் முத்திரையையும் தனிக் கோப்பாக வைத்து, எல்லா ஷீட்டிலும் எக்ஸ்ரெஃப் ஆக இணைத்திருந்தால், போனில் கேட்ட வேலை ஒரு கோப்பைத் திருத்துவதோடு முடிந்திருக்கும். பெயரும் ரிவிஷனும் தேதியும் ஷீட் செட் மேனேஜரில் ஃபீல்டாக இருந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். இந்த வசதி 2005 பதிப்பிலிருந்தே ஆட்டோகேட்டில் இருக்கிறது, எல்.டி.யில் கிடையாது. நம் பக்கத்துச் சிறிய அலுவலகங்களில் இதைப் பயன்படுத்துகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். புதிய வேலை ஒன்று தொடங்கும்போது இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவே மாற்ற முயலாதீர்கள், அதுவே இன்னொரு பேட்ச் ஓட்டமாகிவிடும்.

வெளியே இணைக்கும் எக்ஸ்ரெஃப்பை அனுப்ப மறந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ‘இ-டிரான்ஸ்மிட்’ மூலம் கட்டினால் இணைந்த கோப்புகளும் எழுத்துருக்களும் சேர்ந்தே போகும். தமிழ் எழுத்துரு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

வேலை அடைவில் ‘மாற்றம்’ என்று ஓர் உள்ளடைவு போட்டு, அதில் ஸ்கிரிப்ட், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அட்டவணை, பழைய தேதிப் பட்டியல், பதிவுக் கோப்பு, கையால் திருத்திய ஷீட்டுகளின் பெயர்கள் ஆகியவற்றை வையுங்கள். ஷீட் பதிவேட்டில் ரிவிஷன் பத்தியில் ‘அலுவலகப் பெயர் மட்டும் மாற்றம், வரைபடத்தில் மாற்றமில்லை’ என்று எழுதி, பொறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அசல் அடைவை அதுவரை அழிக்க வேண்டாம். புதிய கட்டு கொடுத்த இடத்தில் ஏற்றுக்கொண்டு, கையெழுத்திட்ட நகல் திரும்பி வந்த பிறகு அதைச் சுருக்கி வெளி டிஸ்கில் போட்டுவிடலாம்.